கடைக்காரர் சொன்னது பாதி, மைத்துனர் சொன்னது பாதி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர், சாட்ஸ்வர்த்தில் வீட்டுப் பின்னறையில் கட்டட வரைபட அலுவலகம் நடத்தும் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அன்றாட வேலை ரெவிட், ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள்களில். வாடிக்கையாளர்களுக்குக் காட்ட என்ஸ்கேப் என்ற காட்சி மென்பொருளில் உட்புறக் காட்சிகள். இப்போது புதிதாக ஒரு பழைய மாரியம்மன் கோயில் கோபுரத்தைத் திருப்பணிக்கு முன்பாகப் புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரியாக எடுத்துத் தரும் பொறுப்பும் வந்திருக்கிறது. அதே கணினியில் அவருடைய மனைவி திருமண வீடியோ தொகுக்கிறார். கணினி, குத்தகை முடிந்து ஒரு நிறுவனம் விற்ற டவர். எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ7, 32 ஜிபி ராம், 4 ஜிபி குவாட்ரோ பி1000 கிராபிக்ஸ் கார்டு. புதிதாக எந்தக் கிராபிக்ஸ் கார்டு வாங்குவது என்பதே கேள்வி. "தொழில் செய்கிறவர் தொழில்முறை கார்டுதான் வாங்க வேண்டும்" என்கிறார் கடைக்காரர். "அதே சிப்பு கேமிங் கார்டில் பாதி விலைக்குக் கிடைக்கிறது, பெயர்ப்பலகைக்கு ஏன் காசு?" என்கிறார் மைத்துனர். யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவருமே உங்கள் பெட்டியைத் திறந்து பார்க்காமல் பேசுகிறார்கள். நான் இருபது ஆண்டுகளாக இந்த ஊரில் வரைபடக்காரர்கள், வீடியோக்காரர்கள், நில அளவைக்காரர்களுடைய கணினிகளைக் கட்டியும் பழுது பார்த்தும் வருகிறேன். கார்டு வாங்கிவிட்டு வருந்தியவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்திருக்கிறார்கள்: தங்கள் வேலை எந்த இடத்தில் நின்று காக்க வைக்கிறது என்று பார்க்காமலே பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள்.

அதனால் பணத்தை எடுக்கும் முன் ஒரு சோதனை. உங்களிடம் உள்ள மிகக் கனமான ரெவிட் கோப்பைத் திறந்து, பக்கத்துத் திரையில் டாஸ்க் மேனேஜரை வையுங்கள். பிராசஸர் வரைபடத்தின் மீது வலப்பக்கம் சொடுக்கி, ஒவ்வொரு லாஜிக்கல் பிராசஸரும் தனிக் கட்டமாகத் தெரியும்படி மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் ஐ7க்குப் பன்னிரண்டு கட்டங்கள் வரும். இப்போது ரெவிட்டில் ஒரு வெட்டுத்தோற்றத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு கட்டம் மட்டும் உச்சியைத் தொட்டு நிற்கும். அல்லது அந்த ஒரு வேலை கட்டத்துக்குக் கட்டம் தாவிக்கொண்டிருக்கும். மற்றவை தரையோடு கிடக்கும். கிராபிக்ஸ் கார்டின் கோடோ தூங்கிக்கொண்டிருக்கும். அந்தக் காத்திருப்பை எந்தக் கார்டும் தீர்க்காது. ரெவிட்டின் பெரும்பகுதி வேலை பிராசஸரின் ஒற்றைக் கோர் வேகத்தில் நடப்பது. அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க்கே ரெவிட்டுக்குக் கேட்பது டைரக்ட்எக்ஸ் 11 தெரிந்த, குறைந்தது 4 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு கார்டுதான். அந்தக் குறைந்தபட்சம் இப்போதே உங்களிடம் இருக்கிறது. இரு பரிமாண ஆட்டோகேடைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ரெவிட்டும் ஆட்டோகேடும் மட்டும்தான் உங்கள் வேலை என்றால் இந்தப் பதில் இங்கேயே முடிந்திருக்கும். பணத்தைப் புதிய பிராசஸருக்குப் போடச் சொல்லியிருப்பேன். என்ஸ்கேப்பும் கோபுரமும் வீடியோவும் இருப்பதால்தான் கார்டு கேள்வியே எழுகிறது. இந்த மூன்றும் கார்டிடம் மூன்று வெவ்வேறு விஷயங்களைக் கேட்கின்றன.

முதலில் கடைக்காரரும் மைத்துனரும் சண்டையிடும் அந்த "அதே சிப்பு" விவகாரம். 2021இல் என்விடியா இரண்டு கார்டுகளை வெளியிட்டது. ஒன்று ஆர்டிஎக்ஸ் ஏ4000, தொழில்முறை வரிசை. மற்றொன்று ஜீஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3070 டிஐ, கேமிங் வரிசை. இரண்டிலும் இருப்பது ஒரே சிப்பு. இரண்டிலும் 6144 கூடா கோர்கள் (என்விடியா சிப்பில் கணக்கிடும் சிறு அலகுகள்). மைத்துனர் சொன்னது அதுவரை சரி. ஆனால் ஏ4000இல் 16 ஜிபி நினைவகம். 3070 டிஐயில் 8 ஜிபி. ஏ4000 குடிக்கும் மின்சாரம் 140 வாட். மற்றது 290 வாட். ஏ4000 ஒரே ஸ்லாட் தடிமன். மற்றது இரண்டு, சில தயாரிப்புகளில் மூன்று ஸ்லாட்டை அடைக்கும். வேகத்தில் 3070 டிஐ முன்னால் போகும், ஏனென்றால் அதை விரட்டி ஓட்டுகிறார்கள். வெளியீட்டு விலை ஒன்று ஏறக்குறைய 1000 டாலர், மற்றது 599 டாலர். ஆக, கூடுதல் பணத்துக்கு வேகம் கிடைக்கவில்லை. இரட்டிப்பு நினைவகமும் பாதி மின்சாரமும் கிடைத்தன. இவை இரண்டும் உங்களுக்குத் தேவையா என்பதில்தான் வழக்கு இருக்கிறது.

தொழில்முறை கார்டுக்கு இன்னொரு பொருளும் சேர்த்து விற்கப்படுகிறது: சான்றிதழ். மென்பொருள் நிறுவனம் ஒரு குறிப்பிட்ட கார்டையும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரின் ஒரு குறிப்பிட்ட பதிப்பையும் சோதித்து, இது எங்களோடு ஒழுங்காக ஓடும் என்று பட்டியலில் சேர்ப்பது. சாலிட்ஒர்க்ஸ், கேட்டியா, சீமென்ஸ் என்எக்ஸ் போன்ற இயந்திர வடிவமைப்பு மென்பொருள்களில் இதற்கு உண்மையான மதிப்பு உண்டு. சாலிட்ஒர்க்ஸின் ரியல்வியூ காட்சி, பட்டியலில் உள்ள தொழில்முறை கார்டு இல்லாவிட்டால் ஒளிராமல் மங்கிய பொத்தானாகவே இருக்கும். பைன்டவுனில் பிளாஸ்டிக் அச்சு வடிவமைக்கும் நண்பர் ஒருவர் கேமிங் கார்டு போட்டுக்கொண்டார். ஒரு பெரிய தொகுப்பைச் சுழற்றும்போது கோடுகள் சிதறின. மென்பொருள்காரர்களிடம் புகார் எழுதினார், "உங்கள் கார்டு பட்டியலில் உண்டா?" என்ற முதல் கேள்வியோடு புகார் முடிந்துபோனது. ஆண்டுச் சந்தா கட்டுகிற மனிதர், ஒரு கார்டால் அந்தச் சந்தாவின் பாதிப் பயனை இழந்தார். அவருக்குக் கடைக்காரரின் அறிவுரை சொக்கத்தங்கம். உங்களுக்கு அப்படியில்லை. ரெவிட்டும் என்ஸ்கேப்பும் டைரக்ட்எக்ஸ், வல்கன் என்ற வரைகலை மொழிகள் வழியாகப் பேசுகின்றன. கேமிங் கார்டுகளும் அந்த மொழியில்தான் பிறந்து வளர்ந்தவை. என்விடியாவின் ஸ்டுடியோ டிரைவரைப் போட்டுக்கொண்டு, அதை மாதந்தோறும் மாற்றாமல் இருந்தால் போதும்.

"தொழில்முறை கார்டு துல்லியமாகக் கணக்கிடும்" என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். இப்போதைய ஆர்டிஎக்ஸ் தொழில்முறை கார்டுகளிலும் இரட்டைத் துல்லியக் கணக்கின் வேகம் ஒற்றைத் துல்லியத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்குதான். கேமிங் கார்டிலும் அதே பங்குதான். அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி கோபுரம். எனக்கு இதில் ஆசை அதிகம், அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

புகைப்படங்களிலிருந்து மாதிரி எடுக்கும் மென்பொருளில் ரியாலிட்டி ஸ்கேன், முன்பு ரியாலிட்டி கேப்ச்சர் என்றிருந்தது, முழுத் தரத்தில் மெஷ் (வலைப்பின்னலாக அமைந்த முப்பரிமாண வடிவம்) உருவாக்க கூடா கேட்கும். அதாவது என்விடியா கார்டு. மெட்டாஷேப் ஏஎம்டி கார்டிலும் ஓடும். ஏஎம்டியின் ரேடியான் புரோ கார்டுகள் மீது எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. டபிள்யூ7700 16 ஜிபியும் டபிள்யூ7800 32 ஜிபியும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களை அறிவேன். ஆனால் உங்களைப் போல எந்த மென்பொருள் நாளை கைக்கு வரும் என்று தெரியாதவருக்கு கூடா கதவு திறந்திருப்பது நல்லது. இன்டெலின் ஆர்க் புரோ பி50, 16 ஜிபியும் 70 வாட்டுமாகக் கண்ணுக்கு அழகான கார்டு. ஆனால் ஆர்க் கார்டுகள் ஒழுங்காக ஓட மதர்போர்டில் ரீசைஸபிள் பார் (பிராசஸர் கார்டின் முழு நினைவகத்தையும் ஒரே நேரத்தில் தொட விடுவது) வசதி வேண்டும். உங்கள் எட்டாம் தலைமுறைப் பெட்டியில் அது இருக்கும் என்று நம்பி இறங்க மாட்டேன்.

மெஷ் கிடைத்த பிறகுதான் உண்மையான சுமை வருகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிலைக்கு 8192க்கு 8192 புள்ளிகள் கொண்ட ஒரு டெக்ஸ்ச்சர் (மாதிரியின் மேல் போர்த்தும் படம்) எடுக்கிறீர்கள். ஒரு புள்ளிக்கு நான்கு பைட். பெருக்கினால் 256 எம்பி. வண்ணத்துக்கு ஒன்று, மேடுபள்ளத்துக்கு ஒன்று என்று ஒரு சிலைக்கு இரண்டு. கோபுரத்தில் இருபத்து நான்கு சிலைகள் என்று வைத்துக்கொண்டால், சுருக்காமல் வைக்கும்போது டெக்ஸ்ச்சர் மட்டுமே 12 ஜிபி. மெஷ்ஷும் மற்றவையும் அதற்கு மேல். உங்கள் பி1000இன் 4 ஜிபியில் இது எப்படி அடங்கும்? மைத்துனர் காட்டும் கார்டு 8 ஜிபி என்றால் அதிலும் அடங்காது.

அடங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை டாஸ்க் மேனேஜரிலேயே பார்க்கலாம். கார்டுக்கென்று ஒதுக்கிய நினைவகத்தின் கோடு மெல்ல ஏறி, கூரையைத் தொட்டுத் தட்டையாகும். அதன் கீழே பகிர்ந்த நினைவகம் என்றொரு கோடு இருக்கும். அதுவரை அடியில் கிடந்தது அப்போது தலை தூக்கத் தொடங்கும். அந்த நொடியிலிருந்து சுட்டியை இழுத்தால் காட்சி தத்தித் தத்தி நகரும். காரணம் எளிது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ போன்ற கார்டு தன் நினைவகத்திலிருந்து நொடிக்கு 448 ஜிபி எடுக்கும். நிரம்பி வழிந்தவற்றை ராமிலிருந்து எடுக்க வேண்டுமானால் மதர்போர்டு வழியாக வர வேண்டும். உங்கள் போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0இல் எட்டு லேன் (தரவுப் பாதை) வழியாக வருவது நொடிக்கு 8 ஜிபிக்கும் சற்றுக் குறைவு. நெடுஞ்சாலையில் வந்த தேர், சந்துக்குள் திரும்பிய கதைதான். சில ரெண்டர் மென்பொருள்கள் தத்தக்கூடச் செய்யாமல், நினைவகம் போதவில்லை என்று சொல்லி மூடிக்கொள்ளும். வேகம் குறைந்த கார்டு நேரத்தை எடுக்கும், வேலையை முடித்துத் தரும். நினைவகம் குறைந்த கார்டு வேலையையே மறுக்கும். அதனால்தான் நான் யாருக்குக் கார்டு சொன்னாலும் முதலில் ஜிபியைக் கேட்டு, பிறகுதான் வேகத்தைக் கேட்கிறேன்.

அதற்காக 24 ஜிபி, 32 ஜிபி என்று ஓடவும் வேண்டாம். தெருவிலிருந்து அண்ணாந்து பார்க்கும் மேல் நிலைச் சிலைகள் பதினாறுக்கு 8192 புள்ளி எதற்கு? அவற்றை 2048க்கு இறக்கினால் ஒரு டெக்ஸ்ச்சர் 16 எம்பிதான். பதினாறு சிலைக்கும் சேர்த்து அரை ஜிபி. கீழ்நிலையில் கண்ணுக்கு நேரே நிற்கும் எட்டுச் சிலைகளை மட்டும் முழுத் தரத்தில் வைத்தால் 4 ஜிபி. மொத்தம் 12லிருந்து நாலரை ஜிபிக்கு வந்துவிட்டது, ஒரு ராண்ட் செலவில்லாமல். கோயில் குழுவுக்குக் கொடுக்கும் ஆவணப் பிரதி முழுத் தரத்தில் வட்டில் இருக்கட்டும். காட்சிக்கு வைப்பது இறக்கிய பிரதி. இந்த ஒழுங்கு இருந்தால் 16 ஜிபி கார்டு உங்களுக்கு நீண்ட காலம் தாங்கும். ராமை மட்டும் 64 ஜிபி ஆக்கிவிடுங்கள். நூற்றுக்கணக்கான படங்களைச் சேர்க்கும் கட்டத்தில் 32 ஜிபி திணறும். இன்னொன்று: நம் கோபுரங்களில் பளபளக்கும் எனாமல் வண்ணம் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். வெயிலில் எடுத்த படத்தில் அந்தப் பளபளப்பு ஒவ்வொரு கோணத்திலும் இடம் மாறும். மென்பொருள் குழம்பி அம்மன் தோளில் குழி விழ வைக்கும். மேகமூட்டமான காலையில் எடுங்கள். அந்தக் குழியை எந்தக் கார்டும் நிரப்பாது.

இரண்டு 8 ஜிபி கார்டு போட்டால் 16 ஜிபி ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது. ஒவ்வொரு கார்டும் முழுக் காட்சியையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். நினைவகத்தை இணைக்க உதவிய என்விலிங்க் வசதியை 3090, ஏ6000 போன்ற சில கார்டுகளில் தந்தார்கள். அதற்கு அடுத்த தலைமுறையில் ஒர்க்ஸ்டேஷன் கார்டுகளிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மூன்றாவது திரை போட்டால் நினைவகம் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். ஒரு 4கே திரையின் ஒரு பிம்பம் 33 எம்பிதான்.

உங்கள் மனைவியின் வீடியோ வேலைக்குக் கார்டின் வேகத்தையோ ஜிபியையோவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. கடைகளில் பெரும்பாலும் யாரும் அதைச் சொல்வதில்லை. இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பல 10 பிட், 4:2:2 என்ற, நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் வகையில் பதிவு செய்கின்றன. மணமகள் பட்டுப்புடவைச் சிவப்பும் மஞ்சளும் பிசிறில்லாமல் வருவதற்கு அது நல்லது. ஆனால் அந்த வகையை விரித்துப் படிக்கும் தனிச் சுற்று, ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டு எதிலும் இல்லை. நான் மேலே புகழ்ந்த ஏ4000இலும் இல்லை. விலை உயர்ந்த 4090இலும் இல்லை. இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸ், பதினோராம் தலைமுறையிலிருந்து ஹெச்இவிசி (ஒரு வீடியோச் சுருக்க முறை) வகை 4:2:2 கோப்புகளைப் படிக்கிறது. உங்கள் எட்டாம் தலைமுறைக்கு அது தெரியாது. ஹெச்.264 வகை 10 பிட் 4:2:2 என்றால் அந்த இன்டெலும் கைவிரிக்கும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசையும் அதன் தொழில்முறைச் சகோதரர்களான ஆர்டிஎக்ஸ் புரோ பிளாக்வெல் கார்டுகளும் அதைப் படிக்கும். எனவே அவரிடம் கேமரா எந்த வகையில் பதிகிறது என்று இன்றே கேளுங்கள். நிற விவரம் குறைந்த 4:2:0 என்றால் கவலை இல்லை. 4:2:2 என்றால் பழைய தலைமுறைக் கார்டை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் அவருக்கு அது உதவாது; காலவரிசையில் ஓடவிட்டால் தாலி கட்டும் காட்சி படம் படமாக நின்று நின்று போகும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ப்ராக்ஸியாக (இலகுவான நகல் கோப்புகளாக) மாற்றிவிட்டு இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டும். பிற்பாடு புதிய இன்டெல் பெட்டி கட்டினால், எஃப் என்ற எழுத்தில் முடியும் பிராசஸரை வாங்காதீர்கள். விலை சற்றுக் குறைவு. உள்ளமைந்த கிராபிக்ஸ் அதில் கிடையாது.

இப்போது மின்சாரம். ஜோகன்னஸ்பர்க்கிலோ டர்பனிலோ இருந்துகொண்டு இதைப் பேசாமல் கார்டைப் பரிந்துரைப்பவர் நம் நாட்டில் குடியிருக்கவில்லை என்றுதான் சொல்வேன். 2007, 2008 வாக்கில் தொடங்கிய லோட் ஷெடிங் என்ற அட்டவணை மின்வெட்டு, 2023இல் உச்சத்துக்குப் போனது. 2024 மார்ச் இறுதியிலிருந்து பல மாதங்கள் நின்று, எல்லோரும் மூச்சு விட்ட பிறகு 2025 தொடக்கத்தில் மறுபடி தலை காட்டியது. அட்டவணையே இல்லாத நாளிலும் கேபிள் திருட்டும் துணை மின்நிலையப் பழுதும் இருக்கவே இருக்கின்றன. ஆகவே ஒரு கார்டின் விலை என்பது கார்டின் விலையும், அதைத் தாங்கும் பேட்டரியின் விலையும் சேர்ந்தது.

12 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி ஒன்றில் 1200 வாட்-அவர் இருக்கிறது. அதன் ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது பாதி. இன்வெர்ட்டர் தின்பது போக 500 சொச்சம் கிடைக்கும். 70 வாட் கார்டு, உங்கள் பிராசஸர், இரண்டு திரைகள் எல்லாம் சேர்ந்து முழுச் சுமையில் 250 வாட் அளவில் நிற்கும். ஒரு மின்வெட்டு பெரும்பாலும் இரண்டு மணி நேரம். கணக்கு அப்படியே பொருந்துகிறது. 300 வாட் கார்டு போட்டால் அதே பேட்டரி ஒரு மணி நேரம்தான். 575 வாட் ஆர்டிஎக்ஸ் 5090 என்றால் அந்தப் பேட்டரியை மறந்துவிட்டு, சுவரில் மாட்டும் லித்தியம் பேட்டரிக்கு விலை விசாரியுங்கள். யுபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 1000 விஏ என்ற பெட்டி பல சமயம் 600 வாட்தான் தரும். மலிவு யுபிஎஸ்கள் சைன் அலைக்குப் பதில் படிக்கட்டு அலையைத் தரும். நல்ல தரமான பவர் சப்ளைகளில் சில, அந்த அலையைக் கண்டதும் அணைந்துவிடும். யுபிஎஸ் இருந்தும் கணினி நின்றுவிட்டது என்று என்னிடம் வந்த பெட்டிகள் பல, இந்த ஒரே காரணத்தால் வந்தவை. பெரிய கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் எழுதப்பட்ட வாட்டைத் தாண்டித் துள்ளும் வழக்கமும் உண்டு. 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி அதற்காகவே எழுதப்பட்டது. பழைய பவர் சப்ளைகள் அந்தத் துள்ளலுக்குத் தயாரானவை அல்ல.

இதோடு உங்கள் டவரின் வயிற்றையும் பாருங்கள். குத்தகைக்கு வந்த பிராண்டு கணினிகளில் பவர் சப்ளை சிறியதாக இருக்கும். இணைப்பி அந்தப் பிராண்டுக்கே உரிய வடிவம். கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளையை அதில் மாற்ற முடியாது. கார்டுக்கான எட்டு முனைக் கேபிள் பலவற்றில் கிடையாது. மதர்போர்டு ஸ்லாட் தானாகத் தருவது 75 வாட் மட்டும். ஹார்டு டிஸ்க் கேபிளிலிருந்து மாற்று இணைப்பி போட்டுக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அப்படி மாற்றி, மஞ்சள் கம்பியின் உறை உருகி வழிந்து உறைந்திருந்த ஒரு பெட்டியை நான் கையால் பிரித்திருக்கிறேன்.

ஆகவே என் தீர்ப்பு. இந்த டவரையே வைத்துக்கொள்வதானால், ஆர்டிஎக்ஸ் புரோ 2000 பிளாக்வெல்: 16 ஜிபி, 70 வாட், தனி மின்கேபிள் வேண்டாம், 4:2:2 படிக்கும். அது கைக்கு எட்டாத விலையாக இருந்து, வீடியோ 4:2:0தான் என்றால், அதற்கு முந்தைய ஆர்டிஎக்ஸ் 2000 அடா, அதுவும் 16 ஜிபி, 70 வாட். இங்கே கடைக்காரர் ஜெயிக்கிறார். ஆனால் அவர் சொன்ன காரணத்தால் அல்ல, பவர் சப்ளையால். ஓராண்டுக்குள் புதிய பெட்டி கட்டப் போகிறீர்கள் என்றால், 5060 டிஐ 16 ஜிபி, 180 வாட். அதே வேலை, அதைவிடக் கூடுதல் வேகம், குறைந்த விலை. மைத்துனருக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுங்கள். ஆனால் கவனம்: 5060 டிஐ என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறது. பெட்டியின் மேல் எண்ணைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். நானாக இருந்தால் முதல் வழியைத்தான் எடுப்பேன். கோபுர வேலைக்குத் தவணை குறித்தாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் நடுவே பெட்டி கட்டுவது கும்பாபிஷேகத்தன்று கூரை மாற்றுவதற்குச் சமம்.

பழைய கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால், பெயர்களில் வழுக்கி விழாதீர்கள். டர்பன் தொலைபேசிப் புத்தகத்தில் நாயுடு என்று தேடுவது போன்றது இது. குவாட்ரோ 4000 என்று ஒன்று 2010இல் வந்தது, 2 ஜிபி. குவாட்ரோ ஆர்டிஎக்ஸ் 4000 என்பது 2018இல் வந்தது, 8 ஜிபி. ஆர்டிஎக்ஸ் ஏ4000 என்பது 2021, 16 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 4000 அடா என்பது 2023, 20 ஜிபி. ஆர்டிஎக்ஸ் புரோ 4000 பிளாக்வெல் என்பது 2025, 24 ஜிபி. விளம்பரத்தில் "என்விடியா 4000, தொழில்முறை" என்று மட்டும் இருந்தால் இந்த ஐந்தில் எது வேண்டுமானாலும் உங்கள் வீட்டுக்கு வரலாம். உங்கள் பி1000 பிறந்த பாஸ்கல் தலைமுறைக்கு என்விடியா முழு டிரைவர் ஆதரவை 580 வரிசையோடு நிறுத்திவிட்டது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். ஆகவே பி4000, பி5000 மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கார்டை வாங்கும் இடத்திலேயே ஒரு மேசைக் கணினியில் மாட்டி, ஜிபியு-இசட் என்ற சிறு இலவசக் கருவியை ஓடவிடுங்கள். பெயரை மாற்றி எழுதிய போலி என்விடியா கார்டுகளில் பலவற்றை அது கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

துபாயிலிருந்து வரும் உறவினர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவார் என்ற யோசனையையும் தொட்டிருந்தீர்கள். கூரியரில் இறக்குமதி செய்தால் வாட் வரி 15 விழுக்காடு. ஆனால் அது பொருளின் விலை மீது மட்டுமல்ல, விலையோடு பத்து விழுக்காடு கூட்டி அதன் மீது போடுவார்கள். சுங்கத் தீர்வை இல்லாவிட்டாலும் கையிலிருந்து போவது பதினாறரை விழுக்காடு. அதைவிடப் பெரிய இழப்பு உரிமை. 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இங்கே கடையில் வாங்கிய பொருள் ஆறு மாதத்துக்குள் பழுதானால், சரிசெய்வதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு. துபாய்க் கடைக்காரரிடம் அந்தச் சட்டத்தை வாசித்துக் காட்டிப் பயனில்லை. ரசீதை உங்கள் தொழில் பெயரில் வாங்கி, கணக்காளரிடம் கொடுத்துவிடுங்கள். கணினிச் செலவை மூன்று ஆண்டுகளில் தேய்மானமாகக் கழிக்கும் வழி வரி விதியில் இருக்கிறது.

உங்கள் வீடு மேட்டில் இருப்பதால் கடல் காற்று அவ்வளவாக வராது. கடலோரப் பகுதியான பிளஃப் பக்கம் ஜன்னலோரத்தில் இரண்டு ஆண்டு ஓடிய கார்டு ஒன்றைக் கழற்றியிருக்கிறேன். பின்புறத் தகட்டின் விளிம்பில் செந்துரு. குளிர்விக்கும் அலுமினிய இதழ்களுக்கிடையே உப்புப் பூத்தது போல வெண்பொடி. விசிறி சுற்றும்போது உள்ளே மணல் அரைபடும் ஓசை. அந்த வாடிக்கையாளரிடம் வேறு எதுவும் சொல்லவில்லை; கணினியை எதிர்ச் சுவருக்கு மாற்றி, மாதம் ஒருமுறை தூசி ஊதச் சொன்னேன். அடுத்த கார்டு இன்னும் ஓடுகிறது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஆனால் சனிக்கிழமை மாலை கடை மூடிய பிறகுதான் எல்லோருக்கும் தெரியவரும். இந்த 70 வாட் கார்டுகளின் பின்புறம் இருப்பவை மினி டிஸ்ப்ளேபோர்ட் துளைகள். உங்கள் பி1000இலும் அவைதான் என்பதால் மாற்று இணைப்பி ஒன்றிரண்டு ஏற்கெனவே உங்களிடம் இருக்கலாம். ஆனால் அவை பழைய ஹெச்டிஎம்ஐ வகையாக இருந்தால் 4கே திரையில் நொடிக்கு முப்பது பிம்பம்தான் வரும். சுட்டி வழுவழுப்பில்லாமல் இழுபடும். புதிய கார்டு பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். திரையில் டிஸ்ப்ளேபோர்ட் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஒரு முனை மினி, மறு முனை முழு அளவு என்று நேரான கேபிள் இரண்டு, கார்டு வாங்கும் அன்றே அதே ரசீதில் சேர்த்து வாங்கிவிடுங்கள்.